அம்மாவுக்குப் பிடிக்காத பாட்டுகள்

கோபம் வந்தால் ஊரில் எல்லாரும் பல்லைக் கடிப்பார்கள். கறாரக்கா கடிக்க மாட்டாள். பல்லைக் கடித்தே தேய்த்துத் தீர்த்தவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. கடித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவள் கோபமெல்லாம் வாய் வழியாக வரும். வாய் திறக்க முடியாத இடத்தில் விரல் வழியாக வரும். அன்று காலை விரல் வழியாக வந்துகொண்டிருந்தது.

பல்செட் செய்கிற லேபின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து, பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டர் மாவு அப்பிய கட்டைவிரலால் போனைக் குத்திக் குத்தி எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வைத்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. உள்ளே இருந்து முதலாளி இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் “வரேன்” என்றாள், வரவில்லை.

எழுதிக்கொண்டிருந்தது ஓர் இசை ஆல்பத்தைப் பற்றி. ஆல்பம் அவளுடைய தம்பி போட்டது.

‘கறார்’ என்பது அவள் நடத்தும் பக்கத்தின் பெயர். கேட்ட ஆல்பங்களைப் பற்றி மனதில் பட்டதை அதில் எழுதுவாள். முகம் கிடையாது, ஊர் கிடையாது, பெயர் கிடையாது. படிக்கிறவர்களாகப் பார்த்துக் கறாரக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் பாராட்டுவதற்காக யாரும் வருவதில்லை. கிழிப்பதைப் பார்க்கத்தான் வருகிறார்கள், ஓசியில் சண்டை பார்க்கிற சுகம் அது. அவளும் அவர்களை ஏமாற்றியதில்லை.

‘செங்கல் சூடு’ என்று ஓர் ஆல்பம் வந்தது. பெரிய பாடகர், பெரிய விளம்பரம். ‘பாடகருக்குச் சளி பிடித்திருக்கிறது. ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கலாம், யாரோ மைக்கை நீட்டிவிட்டார்கள்’ என்று எழுதினாள். ‘பூட்டிய வீடு’ என்ற ஆல்பத்தில் ஒரு பெண் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கிசுகிசுத்தே பாடியிருந்தாள். ‘நம் காதில் ரகசியம் சொல்கிறார். பாட்டு இன்னும் தயாராகவில்லை என்பதுதான் அந்த ரகசியம்’ என்று எழுதினாள். ‘மூன்றாம் மாடியில் மழை’ என்ற வயலின் ஆல்பத்துக்குக் கிடைத்த பூசைதான் எல்லாவற்றிலும் பெரியது. ‘வயலின் ஒரு கேள்வி கேட்கிறது. பிறகு பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாமும் உட்கார்ந்திருக்கிறோம். யாரும் வரவில்லை. எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.’ அந்த வரிகளை ஆளாளுக்கு எடுத்துப் பரப்பினார்கள்.

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பாட்டை நிரப்பத் தெரியவில்லை என்பது அவள் கட்சி. ‘ஓட்டை’ என்பது அவளுக்குப் பிடித்த சொல். எந்தப் புது ஆல்பத்தைக் கேட்டாலும் அதில் ஓட்டை இருந்தது. கிடார் வந்து ஏதோ சொல்லிவிட்டு நிற்கும், அப்புறம் வெற்றிடம். தாளம் ஒற்றைக் காலில் நொண்டும். அதே சமயம், யாரோ ஒரு கிழவர் ஒற்றை மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பாடிய அந்தக் காலத்துப் பதிவு என்றால் அவள் உருகிவிடுவாள். ‘பார்த்தீர்களா, ஓர் இடத்தில்கூடக் காற்று புக வழியில்லை. மனிதர்கள் என்றால் இவர்கள்’ என்று எழுதுவாள்.

ஒரு முறை யாரோ ஒருவன் விமர்சனத்துக்குக் கீழே கருத்துப் போட வந்து, ‘நல்ல ஹெட்போனில் கேட்டீர்களா?’ என்று பணிவாகத்தான் கேட்டான். ‘ஹெட்போனின் தரத்தைப் பார்த்துத்தான் பாட்டு நன்றாக இருக்குமென்றால் நீங்கள் ஹெட்போனையே பாடச் சொல்லுங்கள்’ என்று பதில் போட்டாள். அதற்குப் பிறகு அவனைக் காணோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. எந்த ஆல்பத்தையும் முழுசாகக் கேட்காமல் ஒரு வார்த்தை எழுதியதில்லை. தள்ளித் தள்ளிக் கேட்கிற பழக்கம் கிடையாது. எவ்வளவு மோசமானதானாலும் முதலிலிருந்து கடைசிவரை, வேலை மேஜையில் உட்கார்ந்து கேட்பாள். ‘முழுசாகக் கேட்டேன்’ என்றுதான் ஒவ்வொரு விமர்சனத்தையும் முடிப்பாள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

அவள் மேஜை பாலிஷ் மெஷினுக்கு எதிரில் இருந்தது. இடப்பக்கம் சுவர். வலப்பக்கம் மெஷினும், அதற்கு அப்பால் பீங்கான் பற்களைச் சுடுகிற சின்னச் சூளையும், முதலாளியின் கண்ணாடி அறையும். வேலைக்கு வந்த புதிதில் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு பல்செட்டைச் சுழலும் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலப்பக்க ஒயர் சக்கரத்தில் சிக்கி இழுத்தது. தலையே மெஷினுக்குள் போயிருக்கும். காதுக் குமிழ் பிய்ந்துகொண்டு போனதால் முகம் தப்பியது. அன்றிலிருந்து எந்த இயர்போன் வாங்கினாலும் முதல் வேலையாக வலப்பக்க ஒயரை மெழுகு வெட்டும் கத்தியால் நறுக்கி எறிந்துவிடுவாள். சூளை மணி அடிப்பதைக் கேட்கவும், முதலாளி கத்துவதைக் கேட்கவும் வலது காது காலியாக வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே பாட்டுத்தானே ஓடுகிறது, ஒரு பக்கம் போதாதா என்பது அவள் கணக்கு.

வீட்டில் அவள் பாட்டுக் கேட்பதில்லை. அம்மா போன பிறகு கேட்பதில்லை.

அம்மா இருந்தவரை வீட்டில் கேட்கிற விதமே வேறு. சமையலறை அலமாரியில் கைக்கடக்கமான ஓர் உருண்டை ஸ்பீக்கர். அக்கா புது ஆல்பம் ஏதாவது போடுவாள். அம்மா காய் நறுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொல்லுவாள். “எதுக்குடி இவன் இப்படி இழுக்கறான், சேலை காயப்போடறானா?” என்பாள். “இந்தப் பொண்ணு நல்லாப் பாடறா, ஆனா யாரோ பின்னாடி நின்னு தள்ளிக்கிட்டே இருக்காங்க” என்பாள். இரண்டு பேரும் கட்சி கட்டிக்கொண்டு சண்டை போடுவார்கள். கறார் என்று ஊர் இன்றைக்கு எதைச் சொல்கிறதோ அது அம்மா வீட்டுச் சொத்து. அக்கா அதை எழுத்தில் போட்டாள், அவ்வளவுதான்.

அம்மாவுடைய குரல் அக்காவிடம் ஒரு துண்டுகூட இல்லை. கூடவே இருக்கிறவளுக்கு யார் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள்? கூப்பிட்டால் அடுத்த அறையிலிருந்து வந்துவிடப் போகிறாள். வெளியூரில் இருந்த தம்பிக்குத்தான் அம்மா அனுப்பினாள், அதுவும் நாள் தவறாமல். காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா அவனிடம் கேட்டாள்.

“அம்மா பேசினது ஏதாவது இருந்தா அனுப்புடா.”

“இருக்குக்கா. அனுப்பறேன்.”

அனுப்பவில்லை. பிறகும் கேட்டாள். “பாத்து எடுக்கணும்க்கா” என்றான். அப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தினாளே தவிர, மறக்கவில்லை. அவன் இந்த ஊருக்கே குடிவந்து, ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேலே அறை எடுத்துப் பாட்டுப் போட ஆரம்பித்த பிறகும் அந்தக் கோபம் அப்படியே கிடந்தது.

அந்த ஆல்பம் முந்தின நாள் மாலை வந்தது. கூடவே ஒரு குறிப்பு: ‘நாளைக்கு மதியம் வெளிய விடறேன். அதுக்கு முன்னாடி நீ கேக்கணும். ஹெட்போன் போட்டுக் கேளு. கேட்டுட்டு, கடைசிப் பாட்டப் பத்தி எனக்கு மட்டும் வாய்ஸ்ல சொல்லு. எழுதாத. பேசு.’

படித்ததுமே அவளுக்கு ஏறிவிட்டது. எழுதாதே என்று சொல்ல இவன் யார்? ஊருக்கு முன்னால் மானம் போகும் என்று பயப்படுகிறான். ஆல்பத்துக்குப் பெயரைப் பார், ‘அம்மாவுக்குப் பிடிக்காத பாட்டுகள்’. செத்துப்போனவளை வம்புக்கு இழுக்கிற திமிர். ஆனாலும் உள்ளே ஒரு மூலையில் வேறொன்றும் தோன்றியது. அம்மா பெயரில் போட்டிருக்கிறானே, அம்மா குரலை எங்கேயாவது வைத்திருப்பான். இதற்காகத்தான் அனுப்பாமல் இருந்தானோ என்னவோ. அந்த நினைப்பில் அவள் சரியாகத் தூங்கவில்லை.

காலையில் மேஜைக்கு வந்ததும் ஒற்றை இயர்போனை இடது காதில் செருகி ஓடவிட்டாள். முதல் பாட்டில் அம்மா இல்லை. இரண்டாவதில் இல்லை. கிடார் நாலு அடி நடக்கும், நிற்கும், மௌனம், மறுபடி நடக்கும். மௌனம் வரும்போதெல்லாம் அவள் கை சக்கரத்திலிருந்து விலகியது, இதோ வரப்போகிறது என்று. ஒன்றும் வரவில்லை. கடைசிப் பாட்டில் மௌனங்கள்தான் அதிகம். அது முடிந்தபோது கையில் இருந்த பல்செட்டின் முன்பல்லை வேண்டியதற்கு மேல் தேய்த்துவிட்டிருந்தாள். எழுந்து நேராகப் படிக்கட்டுக்குப் போனாள்.

அங்கே உட்கார்ந்து எழுதியது இது:

‘ஆல்பத்தின் பெயர் அம்மாவுக்குப் பிடிக்காத பாட்டுகள். பெயரில் மட்டும் பொய் இல்லை. முதல் பாட்டு ஆரம்பிப்பதற்குள்ளேயே அழுதுவிடுகிறது. இரண்டாவதில் மத்தளம், ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. நாலாவது நல்ல மெட்டு. அதைப் பாதியில் விட்டுவிட்டுப் பையன் எழுந்து எங்கோ போய்விடுகிறான். கடைசிப் பாட்டின் ஓட்டைக்குள் ஒரு பேருந்தைத் திருப்பி நிறுத்தலாம். மௌனம் வைத்தால் சோகம் வந்துவிடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சோகம் வரவில்லை, தூக்கம் வந்தது. அம்மாவின் பெயரை விற்கிறான். அம்மா இதில் இல்லை. எங்கேயும் இல்லை. முழுசாகக் கேட்டேன்.’

போட்டுவிட்டு, ஆறிய டீயை மடக்கென்று குடித்துவிட்டு உள்ளே போனாள். முதலாளி தேய்ந்துபோன முன்பல்லைத் தூக்கிக் காட்டி, “இது யாருக்கு, எலிக்கா?” என்றார். அவள் அடுத்த பல்செட்டை எடுத்துச் சக்கரத்தில் வைத்தாள்.

மதியத்துக்குள் கூட்டம் கூடிவிட்டது. ‘கறாரக்கா கிழிச்சுத் தொங்கவிட்டுட்டாங்க!’ ‘பேருந்து நிறுத்தம், ஹா ஹா.’ ‘பையன் இனிமே கிடாரத் தொடமாட்டான்.’ ஆல்பம் அப்போதுதான் வெளியாகியிருந்தது; இதில் ஒருத்தனும் அதைக் கேட்டிருக்க முடியாது. எப்போதும் இப்படித்தான் சிரிப்பார்கள், அவளுக்கும் உள்ளூரக் குளிரும். இன்றைக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது, உனக்கென்னடா என்று ஒவ்வொருத்தனாக இழுத்துப் போட்டு அறைய வேண்டும்போல் இருந்தது. தம்பியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. படித்துவிட்டான் என்று மட்டும் தெரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மெழுகுக்காரி எதிரில் வந்து உட்கார்ந்தாள். பற்களுக்கு மெழுகில் அச்சு எடுக்கிற பெண். அக்காவைவிட இளையவள், கறாரக்கா யார் என்று தெரிந்த ஒரே ஆள். மெழுகு வேலையில் சக்கரம் கிடையாது. அதனால் இரண்டு காதையும் மூடுகிற பெரிய ஹெட்போனை நாள் முழுக்கக் கழுத்திலோ தலையிலோ மாட்டிக்கொண்டே திரிவாள். இப்போதும் தலையில் இருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி?”

“அக்கா, உங்க தம்பி ஆல்பம்தான். ஏன்க்கா இவ்ளோ மோசமா எழுதினீங்க? எனக்குச் சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. அந்தம்மா என்னமா திட்டறாங்க!”

“எந்தம்மா?”

“அதான், பாட்டு நடுவுல ஒரு அம்மா வந்து வந்து திட்டறாங்களே. ‘யாருடா கதவத் தட்டறது, போய்த் தொறந்து பாருடா’ன்னு. அவரும் வாசிக்கறத நிறுத்திட்டு நல்ல புள்ளையா வாங்கிக்கறாரு.”

“என்ன உளர்றே? அதுல குரலே கிடையாது. முழுசாக் கேட்டேன்.”

மெழுகுக்காரி குழம்பிப்போய் அவளைப் பார்த்தாள். பிறகு அவள் கழுத்தில் தொங்கிய ஒற்றை ஒயரைப் பார்த்தாள். இடது பக்கம் குமிழ். வலது பக்கம், நறுக்கிய இடத்தில் செப்புக் கம்பி எட்டிப் பார்க்கும் ஒரு மொட்டைத் துண்டு. அதை அவள் தினமும் பார்க்கிறவள்தான்.

“அக்கா,” என்றாள், குரல் இறங்கி. “எல்லாம் வலப்பக்கம் வருதுக்கா.”

ஹெட்போனைக் கழற்றி அவளே அக்காவின் தலையில் மாட்டினாள்.

முதல் பாட்டு. இடது காதில் காலையில் கேட்ட அதே கிடார் நாலு அடி நடந்து நின்றது. நின்றதும் வலது காதில் யாரோ மூச்சு விட்டார்கள். மாடிப்படி ஏறி வந்தவர் விடுகிற மூச்சு. அந்த மூச்சு யாருடையது என்று அக்காவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“டேய். இது என்னடா பாட்டு? இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள அழறியே. மொதல்ல ஆரம்பி. அப்பறம் அழலாம்.”

கிடார் மன்னிப்புக் கேட்பதுபோல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பாட்டுப் பாட்டாக அம்மா வந்தாள். வெளியூரில் இருந்த பையன் அரைகுறையாகச் செய்து அனுப்பிய பாட்டுகளையெல்லாம் கேட்டுக் கேட்டு அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள்தான் அவை. இடப்பக்கம் அவன் பாட்டு, வலப்பக்கம் அம்மாவின் தீர்ப்பு. மத்தளத்தைத் திட்டினாள். சொல்லைத் திட்டினாள். “நீ பாடாத, ராசா, வாசிக்கறதோட நிறுத்திக்க” என்று கெஞ்சினாள். ஒவ்வொரு வசவுக்கும் அவன் வழிவிட்டு, வாங்கிக்கொண்டு, அடுத்த அடியைத் திருத்தி வாசித்திருந்தான். காலையில் ஓட்டை ஓட்டை என்று எழுதினாளே, அந்த ஓட்டை ஒவ்வொன்றிலும் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

நாலாவது பாட்டில், அவன் பாதியில் எழுந்து போய்விடுகிறான் என்று எழுதிய இடத்தில், அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இந்த மெட்டு நல்லாருக்குடா. ஆனா அக்காகிட்ட இப்பப் போட்டுக் காட்டாத. பாதி வெந்தத அவகிட்ட குடுத்தா மூஞ்சியில விட்டெறிவா. முழுசாக்கிட்டுக் குடு. அவ காது என் காதுடா. தப்பாது.”

எங்கோ தூரத்தில், தண்ணீர்க் குழாய்ச் சத்தத்துக்கு அப்பால், இன்னொரு குரல் கேட்டது. “யார்கிட்டம்மா பேசிக்கிட்டிருக்கே?” அது அவளுடைய குரல்தான். “ஒண்ணுமில்லடி, நீ வேலையப் பாரு” என்றாள் அம்மா.

கறாரக்கா அழுதாள் என்று எழுதினால் அது அரை உண்மை. அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். சொல்லித் தொலைக்காத தம்பிமேல், ஒயரைப் பிடுங்கிய மெஷின்மேல், ‘தப்பாது’ என்று சொல்லிவிட்டுப் போனவள்மேல், எல்லாருக்கும் மேலே தன்மேல். கடைசிப் பாட்டுவரை பொறுக்காமல் எழுந்து, கழுத்தில் கிடந்த ஒற்றை ஒயரைப் பிடுங்கி பிளாஸ்டர்க் குப்பையில் எறிந்தாள். “தலைவலி” என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அவர் எலிப் பல்லைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். “நாளைக்கு வந்து பண்ணித் தரேன், இப்ப விடுங்க” என்று அவள் போட்ட சத்தத்தில் சூளைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். மெழுகுக்காரியின் ஹெட்போன் தலையிலேயே இருந்தது. அவளும் திருப்பிக் கேட்கவில்லை.

பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. போனைத் திறந்தால் விமர்சனத்துக்குக் கீழே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விமர்சனத்தை அழித்துவிட விரல் போனது. அழித்தால் தப்பிப்பது அவள்தான், அவன் இல்லை. அழிக்காமல், அதன் தலையில் ஒரு வரி சேர்த்தாள்: ‘இதை நான் ஒரே காதில் கேட்டேன். அம்மா இதில் இருக்கிறாள். சிரிக்கிறவர்கள் போய்க் கேட்டுவிட்டு வந்து என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.’

பிறகு, பயந்துகொண்டேதான், ‘மூன்றாம் மாடியில் மழை’யைப் போட்டாள். இடது காதில் வயலின் அந்தக் கேள்வியைக் கேட்டது. நின்றது. வலது காதில் இன்னொரு வயலின், நிதானமாக, பக்கத்து ஜன்னலைத் திறந்ததுபோல், பதில் சொன்னது. யாரும் வரவில்லை என்று எழுதியிருந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றிருக்கிறாள், இவள்தான் கதவைச் சாத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறாள். அந்த ஆல்பத்துக்குப் பிறகு அதை வாசித்த பெண்கள் எதுவும் போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டாள். ‘பூட்டிய வீடு’, ‘செங்கல் சூடு’ என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. சளி பிடித்த பாடகருக்கு மட்டும் எந்தக் காதில் கேட்டாலும் சளிதான் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது; அந்த நிலையிலும் அப்படித் தோன்றியதில் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வெல்டிங் பட்டறைக்கு மேலே போகும் இரும்புப் படி அவள் வேகத்துக்கு அதிர்ந்தது. கதவு திறந்திருந்தது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகளை நிறுத்தி வைத்திருந்தான். நடுவில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு மேஜை. தம்பி தரையில் உட்கார்ந்து ஒயர்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“எதுக்கு வந்தே?”

“ஏன்டா சொல்லல?”

“எத?”

“அம்மா இருக்கான்னு ஏன்டா சொல்லல? வலப்பக்கம் கேளுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்து உதிர்ந்துடுமா?”

“ஹெட்போன் போட்டுக் கேளுன்னு சொன்னேன். ஹெட்போனுக்கு எத்தனை பக்கம்னுமா சொல்லணும்?” இப்போது நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. “முழுசாக் கேட்டேன்னு எழுதியிருக்கே.”

“கேட்டேன்.”

“அம்மா படுக்கையில கிடக்கும்போதுகூட என் பாட்ட ரெண்டு காதாலயும் கேட்டுட்டுத்தான் திட்டினா. நீ ஒரு காதுல கேட்டுட்டு அம்மா பேர விக்கறேன்னு எழுதறே. ஊர்ல எவனெவனோ சிரிக்கிறான்.”

பதில் இல்லாதபோது அவளுக்குச் சத்தம்தான் வரும்.

“குரல அனுப்புன்னு எத்தனை தடவை கேட்டேன்! கெஞ்சினேனேடா. அப்பவே அனுப்பியிருந்தா இந்தக் கூத்து நடந்திருக்குமா? வீட்ல ஒரு ஈ காக்கா சத்தம் இல்லாம ஒத்தையில உக்காந்திருக்கேன். நீ மட்டும் வச்சுக் கேட்டுக்கிட்டிருந்தே.”

“எத அனுப்பச் சொல்றே? எல்லாமே என்னைத் திட்டினதுதான். ‘சாப்டியா’ன்னு கேட்டது ஒண்ணு ரெண்டு, மீதியெல்லாம் வசவு. தனியா அனுப்பியிருந்தா, ‘பாத்தியா, அம்மாவே உன்ன என்னான்னு நெனச்சிருக்கா பாரு’ன்னு என் தலைமேல ஏறி உக்காந்திருப்பே. இல்லன்னு சொல்லு பாப்போம்.”

அவள் சுவர் மெத்தையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

“அவ திட்டினதயெல்லாம் திருத்தினேன். திருத்தினத உனக்குக் காட்டணும்னுதான் இத்தனை நாள். முழுசாக்கிட்டுக் குடுன்னு சொன்னா. குடுத்தேன்.” ஒயர்ச் சுருளை மூலையில் எறிந்தான். “கடைசிப் பாட்டு மட்டும் அம்மா கேக்கல. அது அவ போனதுக்கப்பறம் போட்டது. அதுக்கு வலப்பக்கம் காலியாத்தான் இருக்கு. அது உனக்கு வச்ச எடம். நீ கேட்டுட்டு வாய்ஸ்ல திட்டுவே, எடுத்து அங்க வச்சுட்டு மதியம் வெளிய விடலாம்னு இருந்தேன். எழுதாத, பேசுன்னு சொன்னது அதுக்குத்தான். நீ ஊருக்கே திட்டிட்டே.”

கீழே பட்டறையில் யாரோ இரும்பை அறுத்தார்கள். அது நின்றதும் அவள்தான் கேட்டாள்.

“அப்ப, கடைசிப் பாட்டு?”

“காலியாவே போயிடுச்சு.”

“போடு” என்றாள்.

“எதுக்கு? அதான் பேருந்து விட்டாச்சே.”

“போடுடா.”

எழுந்து போய்ப் போட்டான். இடது பெட்டியிலிருந்து கிடார் வந்தது. வலது பெட்டியில் சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. நாலு அடி நடந்து கிடார் நின்றது. இடம்விட்டுக் காத்திருந்தது. காலையில் அந்த இடத்தைக் கேட்டபோது அம்மா வருவாள் என்று இவள் காத்திருந்தாள். பாட்டு இவளுக்காகக் காத்திருந்திருக்கிறது. அவளுக்கு வாய் திறக்கவில்லை. ஊருக்கு எழுதும்போது தடுக்கி விழாத சொற்கள், இங்கே ஒன்றுகூட வரவில்லை. கிடார் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேலே நடந்தது. மறுபடி நின்றது. அவன் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. அம்மாவுக்கும் அதே முதுகு.

அடுத்த இடம் வந்தபோது அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“நல்லாருக்குடா” என்றாள்.

“பொய் சொல்லாத!”

அவன் கத்திய கத்தலில் கீழே அறுப்பவர்கள்கூட நிறுத்தினார்கள். பாட்டை நிறுத்தினான். திரும்பியபோது முகம் முழுக்க நனைந்திருந்தது.

“ஒரு தடவை எழுதினது போதாதா? இப்ப இது வேறயா? பரிதாபப்பட்டு நல்லாருக்குன்னு சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. அம்மா ஒருநாள்கூட என்கிட்ட பொய் சொன்னதில்ல. நீ சொல்லாத.”

கறாரக்கா மெழுகுக்காரியின் ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தாள். அறையைச் சுற்றிக்கொண்டு போய், பச்சை விளக்கு எரிகிற வலது பெட்டிக்குப் பக்கத்தில், தரையில், காலை நீட்டி உட்கார்ந்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த இடமெல்லாம் பிளாஸ்டர் ஒட்டியது.

“மொதல்ல இருந்து போடு” என்றாள். “ஆரம்பமே இழுவை.”